காலைப் பார்த்துப் பேசு

பேயை அடையாளம் காண எங்கள் அப்பாயி வைத்திருந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். முகத்தைப் பார்த்து மயங்காதே, காலைப் பார். தரையில் படாமல் மிதந்து வருவது ஒரு வகை. அது ஆளைத் தொந்தரவு செய்யாது. பாதம் பின்பக்கம் திரும்பியிருந்தால் இன்னொரு வகை, வேப்பிலைக்கு அடங்கிவிடும். கொசுவத்துக்குக் கீழே ஆட்டுக் குளம்பு தெரிந்தால்தான் சிக்கல். அதற்கு வைத்தியம் கிடையாது, ஓட வேண்டியதுதான்.

குளம்புப் பேய்க்கு அப்பாயி காட்டும் சாட்சி எங்கள் பெரியப்பா ஒருவர். டூரிங் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் முடிந்து மருதையாற்றைக் கடந்து வருகிறார். மணலில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி தனியாக நின்று கத்துகிறது. யார் வீட்டுக் குட்டியோ என்று தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறார். (யார் வீட்டுக் குட்டியாக இருந்தாலும் காலையில் எங்கே போயிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றிக் கதையில் பேச்சு வராது.) நடக்க நடக்கக் கனம் ஏறுகிறது. திரும்பிப் பார்த்தால், தோளின் இருபுறமும் தொங்கிய கால்கள் நீண்டு மணலில் கோடு கிழித்துக்கொண்டு வருகின்றன. “எறக்கி உட்டுடாத மாமா, இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்கிறது குட்டி. பெரியப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல்.

பெரியவனான பிறகு விசாரித்ததில், இந்தப் பக்கம் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெரியப்பா அந்தக் குட்டியைச் சுமந்திருக்கிறார். எல்லோருக்கும் மூன்று நாள் காய்ச்சல். அந்தக் குட்டி ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்கும்போது அப்பாயியின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் எங்கள் வீட்டுக் குட்டிகள் படுத்திருக்கும். ஒன்று கட்டிலிலேயே ஏறி அவர் புடவைத் தலைப்பை மென்றுகொண்டிருக்கும். “இதுக்கும் அதே காலுதானே அப்பாயி?” என்று கேட்டேன்.

“இது நம்ம வூட்டுக் குட்டிடா. அது யாரு வூட்டுக் குட்டின்னு தெரியாதுல்ல?”

பிற்பாடு நான் படித்த எந்தச் சமய நூலும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொல்லவில்லை. குளம்பு பிளந்திருப்பதில் தோஷம் இல்லை. உடமைக்காரன் யார் என்று தெரியாத குளம்பில்தான் பேய் ஏறுகிறது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிராமம். நான் பிறந்தபோது அது திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. 2001இல் அரியலூர் தனியாகப் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. ஆட்டுக் குளம்பைப் போல, மேலே ஒன்றாகவும் கீழே இரண்டாகவும் இருக்கிற மண் இது. வாசல் திண்ணையை விட்டு இறங்காமலே மாவட்டம் மாறியவர்கள் எங்களில் நிறையப் பேர். உடமைக்காரன் யார் என்கிற கேள்வி ஆட்டுக்கு மட்டும் உரியதல்ல.

மோகினியையும் சொல்லிவிட வேண்டும். பாதையில் வழிமறித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். விரலால் கொடுக்காதே, கத்தி முனையில் வைத்து நீட்டு என்பது தமிழ்நாட்டுக்கே பொதுவான அறிவுரை. அரியலூர்ப் பக்கத்து மோகினி எதற்குச் சுண்ணாம்புக்குக் கையேந்துகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கியதே இல்லை. அவள் நிற்கிற இடமே சுண்ணாம்புக் கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் கிடந்து, சிப்பியும் நத்தையும் அம்மோனைட்டுமாகப் படிந்து இறுகிய மண். வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மீதியைச் சிமென்ட் ஆலைகள் மூட்டையில் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இன்று அந்தப் பாதையில் டிப்பர் லாரி போகிறது. மோகினி நின்றால் அவள் காலை யாரும் பார்க்கப் போவதில்லை, தூசியில் முகமே தெரியாது.

தனியாகக் கத்தும் குட்டியின் கதையும் மாறிவிட்டது. இப்போது நடுராத்திரி ரோட்டோரம் ஒரு குட்டி நின்றால் இரண்டு நிமிஷத்தில் அது யாருடைய பைக்கிலாவது ஏறிவிடும். கிராமங்களில் ஆடு திருட வருகிறவர்கள் பின் இருக்கையைக் கழற்றிய காரில் வருகிறார்கள். கனம் ஏறுவதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. சந்தையில் உயிர் எடைக்குத்தான் காசு, ஏறினால் லாபம்.

எங்கள் குளம்புப் பேய்க்கு மட்டுமல்ல, சாத்தானுக்கும் ஆட்டுக்கால் உண்டு என்பதை முதலில் நான் பார்த்தது, இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் ஒரு பாஸ்கு நாடகத்தில். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் வாழ்ந்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர். அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி கலம்பகமும் பாடினார். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிராமம் ஒன்றில் தபசு காலத்தில் போட்ட நாடகத்துக்குப் பள்ளிக்கூட நண்பன் அழைத்துப் போனான். சாத்தான் வேஷக்காரர் நிஜமான கிடாக் கொம்பைத் தலையில் கட்டி, காலில் கறுப்புச் சாக்கைச் சுற்றி, மேடை அதிரக் குதித்தார். கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த விசில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. கொம்பு கசாப்புக் கடையில் கேட்டு வாங்கியது என்று நண்பன் காதோடு சொன்னான்.

பைபிளில் தேடிப் பார்த்தால் சாத்தானுக்குக் குளம்பு இருப்பதாக எங்கும் இல்லை. கிரேக்கர்களுக்குப் பான் என்றொரு மேய்ச்சல் தெய்வம். கொம்பும் ஆட்டுக்காலும் குழலுமாகக் காட்டில் திரிந்தவன். புது மதம் வந்ததும் பழைய தெய்வத்தின் கால் புதிய பிசாசுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆளில்லாத வீட்டுச் சாமானை அடுத்தவர் எடுத்துக்கொள்கிற கதைதான். கடைசித் தீர்ப்பின்போது செம்மறிகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம் என்று மத்தேயுவில் வருவதும் வெள்ளாட்டின் பெயரைக் கெடுத்திருக்கும். இதில் வேடிக்கை, அதே பைபிளின் லேவியராகமத்தில் சாப்பிடத் தகுந்த மிருகத்துக்கு அடையாளமே விரிகுளம்பும் அசைபோடுதலும்தான். பன்றிக்கு விரிகுளம்பு உண்டு, அசைபோடாது, தள்ளு. ஒட்டகம் அசைபோடும், அங்கே சொல்லியிருக்கிற கணக்குப்படி விரிகுளம்பு இல்லை, அதையும் தள்ளு. ஆடும் மாடும் இரண்டிலும் தேறிவிட்டன. சுத்தத்துக்கு முத்திரையாக இருந்த கால், ஐரோப்பியச் சித்திரக்காரன் கைக்குப் போனதும் அசுத்தத்துக்கு முத்திரையாகிவிட்டது.

விலங்கியல் அறிஞர் கூவியேவைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. மாணவன் ஒருவன் பிசாசு வேஷம் போட்டு ராத்திரியில் அவரை எழுப்பி, “உன்னைத் தின்னப் போகிறேன்” என்றானாம். அவர் போர்வையை விலக்கிப் பார்த்து, “கொம்பும் குளம்பும் இருக்கிறது, நீ புல் தின்கிற சாதி” என்று திரும்பிப் படுத்துவிட்டாராம். அப்பாயி சோதனையைத்தான் அவரும் செய்திருக்கிறார், காலைப் பார்த்துப் பேசியிருக்கிறார். முடிவு மட்டும் வேறு.

நம் பக்கத்து அசுரர்களுக்கும் மிருக அங்கம் உண்டு. ஆனால் மாறுவது தலை, கால் அல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தில் துர்க்கையின் காலடியில் கிடக்கும் மகிஷன் எருமைத் தலையன். கந்தபுராணத்துச் சூரபத்மனின் தங்கை அசமுகி ஆட்டு முகத்தாள். கொள்ளிடத்தோடு கிழக்கே போனால் வருகிற சீர்காழியில் இந்திராணியைத் தூக்கப் போய் ஐயனாரின் தளபதியிடம் கையை இழந்தவள். அதே புராணத்தில் நாரதர் வளர்த்த வேள்வித் தீயில் பிறந்து உலகத்தை முட்டித் தள்ளிய ஆட்டுக் கிடாவை முருகன் என்ன செய்தார்? ஏறி உட்கார்ந்துவிட்டார். தோற்றவனுக்கு வாகன உத்தியோகம் போட்டுக் கொடுப்பது நம் தெய்வங்களின் வழக்கம். சூரபத்மனுக்கே மயில், சேவல் என்று இரண்டு பதவி. ஐரோப்பியப் பிசாசுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை, பாவம், இன்னும் வேலையில்லாமல் திரிகிறான்.

பேய்க்கும் எங்கள் மாவட்டத்துக்கும் இலக்கியத்தொடர்பு இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதற்குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாடிய கலிங்கத்துப்பரணி, பேய்களுக்குச் சமையல்கட்டையே திறந்துவிட்ட நூல். பசியால் வாடி, போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பரிமாறி உண்ணும் பேய்கள் அதில் கூட்டம் கூட்டமாக வருகின்றன. குளம்போடு ஒன்றையும் நான் அதில் பார்த்ததில்லை.

அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் கதை இன்னும் நேரானது. காணாமல்போன சினைப்பசுவைத் தேடிப் போனவர், அது கன்றோடு ஒரு கல்தூணருகே பால் சொரிந்து நிற்பதைக் கண்டாராம். அந்தத் தூண்தான் இன்று சாமி. பெருமாளையே கண்டுபிடித்துக் கொடுத்தது விரிகுளம்புதான். அது யார் வீட்டு மாடு என்று தெரிந்திருந்தது, அவ்வளவே.

பேயை விரட்டவும் குளம்புச் சாமான்தான். அந்நாளில் வண்டி மாட்டுக்கு லாடம் அடிக்க லாடக்காரர் ஊர் ஊராக வருவார். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் செதுக்கி ஆணி அடிப்பார். குதிரைக்குக் காலுக்கு ஒரு லாடம் போதும். மாட்டுக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு. தேய்ந்து கழன்ற தகட்டை அப்பாயி பத்திரப்படுத்தி நிலைப்படியில் அடித்து வைப்பார்; இரும்பைத் தாண்டிப் பேய் வராது. வெள்ளைக்காரர்களும் வாசலில் லாடம் மாட்டுவார்கள். பிசாசின் குளம்பிலேயே லாடம் அடித்து அலற வைத்த டன்ஸ்டன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் கதையை அதற்குச் சொல்வார்கள்.

இன்று வண்டி மாடும் இல்லை, லாடக்காரரும் இல்லை. எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றின் தேக்கு நிலையில் குதிரை லாடம் பளபளக்கிறது. ஆன்லைனில் வாங்கியது, கறுப்புக் குதிரை ஓடித் தேய்ந்த அசல் என்று அட்டையில் அச்சிட்டிருந்ததாம். வாங்கியவர் குதிரையை ஐயனார் கோயிலில் சுதையாகப் பார்த்ததோடு சரி. ஓடியது யார் வீட்டுக் குதிரை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கம் உண்மையிலேயே குளம்பின் வழியாக வந்த பேய் ஒன்று உண்டு. அதற்குக் கோமாரி என்று பெயர், காணை என்றும் சொல்வோம். மாட்டின் வாயில் நுரை தள்ளும், நாக்கு தோலுரியும், குளம்பின் பிளவில் புண் வைத்துப் புழு விழும். நின்ற இடத்தில் காலை உதறிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டுத்தறியில் வந்தால் ஒரு வாரத்தில் தெரு முழுக்க வந்துவிடும். மாரியாத்தா கோபம் என்று தெருமுனையில் வேப்பிலைத் தோரணம் கட்டுவார்கள். மந்திரித்த கயிற்றைக் குறுக்கே கட்டி மாடுகளை அதனடியில் ஓட்டுவார்கள். அப்பாயி மஞ்சளும் குப்பைமேனியும் பூண்டும் அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் புண்ணில் போடுவார். அது எங்கள் தெருவுக்கு வந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பால் வற்றியது. கன்று ஒன்று செத்தது. ஐயனாரின் குதிரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சித்தப்பா சொல்லி அடி வாங்கினார்.

சித்தப்பா சொன்னது சரிதான். கோமாரி நோய் மாடு, எருமை, ஆடு, பன்றி, மான் என்று குளம்பு பிளந்தவற்றைத் தேடித் தாக்கும். குதிரையையும் கழுதையையும் தொடாது. லேவியராகமத்தைக் கரைத்துக் குடித்த நோய். 1898இல் ஜெர்மனியின் லோஃப்லரும் ஃப்ரோஷும் இதன் காரணி பாக்டீரியாவை வடிகட்டும் வடிகட்டியையும் தாண்டிவிடுகிறது என்று காட்டினார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். கண்ணுக்குத் தெரியாதது, காற்றிலும் வருவது, கயிற்றுக்கு அடங்காதது. அப்பாயி கேட்டிருந்தால் “அதைத்தானடா நானும் சொன்னேன்” என்றிருப்பார்.

2013இல் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் கோமாரி வந்து மாடுகள் செத்தன. 2019 செப்டம்பரில் மத்திய அரசு 13,343 கோடி ரூபாயில் கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் ஒழிக்கும் திட்டம் தொடங்கியது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெருவுக்கே வந்து ஊசி போடுகிறார்கள், காசு கிடையாது. காதில் மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். யார் வீட்டு மாடு என்ற கேள்வியை அரசாங்கம் ஒருவழியாகத் தீர்த்துவிட்டது. வில்லை போட்ட அன்று சாயங்காலமே அதற்குத் திருஷ்டி சுற்றிப் போட்டவர்களும் எங்கள் தெருவில் உண்டு. வில்லை மாட்டிய மாட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஆட்சேபிக்கவில்லை.

குலசாமிக்குக் கிடா வெட்டும்போது பார்க்க வேண்டும். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, கிடா துலுக்கினால்தான் சாமி உத்தரவு. அது துலுக்காமல் நின்றால் பங்காளிகள் அத்தனை பேரும் குற்ற உணர்ச்சியில் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி அந்த இடத்திலேயே சமாதானமானதை நான் பார்த்திருக்கிறேன். கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்று 1950லேயே சட்டம் இருந்தது; இருந்ததே யாருக்கும் தெரியாது. 2003இல் ஜெயலலிதா அரசு திடீரென்று அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஆடு துலுக்குவதற்கு முன் அதிகாரிகள் துலுக்கிய சில மாதங்கள் அவை. 2004 பிப்ரவரியில் சட்டமே போய்விட்டது. அந்த இடைவெளியில் கிடாக்கள் பிழைத்தன என்று நினைக்க வேண்டாம். சாமிக்குப் பதில் கல்யாண மண்டபத்துக்குப் போயின. அங்கே உத்தரவு கேட்கிற வழக்கம் கிடையாது.

இப்போது துலுக்குவதைப் பத்துப் பேர் போனில் படம் பிடிக்கிறார்கள். காலை மட்டும் தனியாக எடுத்து வைப்பது பழைய வழக்கம்தான்: தீயில் வாட்டி, குளம்பைக் கழற்றி, சுத்தம் செய்து சூப். பெரம்பலூரில் சாயங்காலமானால் ஆட்டுக்கால் சூப் கடையில் இடம் கிடைப்பதில்லை. மூட்டு வலிக்கு நல்லதாம். பிசாசின் காலை மிளகு தூவி ஊதி ஊதிக் குடிக்கிற சனத்திடம் ஐரோப்பிய பயம் எப்படி எடுபடும்?

எடுபடுகிற பயம் இன்று வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. கதிர் பால் பிடிக்கும் சமயம் விடியற்காலையில் கொல்லைக்குப் போனால் ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடம். கால் ஏக்கர், அரை ஏக்கர் மடங்கிக் கிடக்கும். காட்டுப்பன்றி. அப்பாயி சொன்ன இலக்கணம் அத்தனையும் பொருந்துகிறது: ராத்திரியில் வருகிறது, தடம் மட்டும் தெரிகிறது, யார் வீட்டுப் பன்றி என்று தெரியாது. விசாரித்தால் அரசாங்கத்துப் பன்றி என்கிறார்கள். அதற்கு மட்டும் காதில் வில்லை கிடையாது.

விரட்டும் முறைகளைப் பாருங்கள். வரப்பைச் சுற்றிப் பழைய புடவை கட்டுகிறோம். சலூனிலிருந்து வெட்டிய முடியை மூட்டையாக வாங்கி வந்து தூவுகிறோம். ராத்திரி முழுக்க ஒலிபெருக்கியில் ஆள் கூச்சலைப் பதிவு செய்து ஓட விடுகிறோம். ஆள் இல்லாத இடத்தில் புடவை ஆடுகிறது, தலைமயிர் பறக்கிறது, இருட்டில் குரல் மட்டும் அலறுகிறது. பன்றி வீட்டில் ஒரு அப்பாயி இருந்தால் எங்களைப் பற்றித்தான் குட்டிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும், காலைப் பார், குளம்பு இல்லாவிட்டால் ஓடு என்று.

2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வந்த பன்றியை ஒன்றும் செய்யக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். நாம் சுடக் கூடாது. பேய் எத்தனை தூரம் வந்தால் என்ன பரிகாரம் என்று இவ்வளவு துல்லியமாக எந்த மந்திரவாதியும் எழுதிக் கொடுத்ததில்லை. மூன்றாவது கிலோமீட்டர் எங்கே முடிகிறது என்று பன்றிக்குச் சொல்லத்தான் ஆள் போடவில்லை.

ஒரே ஒரு விஷயத்தைக் கேலி இல்லாமல் கேட்டுக்கொள்கிறேன். புடவை கட்டுங்கள், முடி தூவுங்கள், ஒலிபெருக்கி வையுங்கள், மந்திரித்த எலுமிச்சம்பழத்தையும் நாலு மூலையில் புதையுங்கள். கம்பி இழுத்து மின்சாரம் மட்டும் பாய்ச்சாதீர்கள். பன்றிக்கு வைத்த கம்பியில் புள்ளிமான் விழுகிறது, ராத்திரி மோட்டார் போடப் போன பக்கத்துக் கொல்லைக்காரர் விழுகிறார். அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. பயிர் அழிந்தால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள்; காசு மெதுவாகத்தான் வரும். மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த கோமாரி முகாம் எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.